வேலைநிறுத்தத்தால் இழந்த மனித நாட்கள்: அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்காக, இந்தியாவில் வேலைநிறுத்தங்களால் இழந்த வேலை நாட்களைத் தொழில்வாரியாக எடுத்து, எந்தத் தொழிலில் தொழிலாளர் உறவு மோசம், எதில் நன்றாக இருக்கிறது என்று வரிசைப்படுத்தப் போகிறீர்கள். அந்த எண்கள் 1980களின் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டதால் ஆலைகளில் அமைதி திரும்பிவிட்டது என்று எழுதலாமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த ஒரே எண்ணை நம்பி ஒரு தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது என்பது என் பதில். எண் பயனற்றது என்பதற்காக அல்ல. அதைப் பிரித்துப் படித்தால் நிறையப் பேசும், அப்படியே எடுத்து அடுக்கினால் தவறான ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

நான் தமிழ்நாடு தொழிலாளர் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் முதல் ஒன்பது ஆண்டுகள், பஞ்சாலைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், இந்த விவரங்களைத் தொகுத்து மேலே அனுப்பும் மேசையில் இருந்தேன். நீங்கள் இப்போது அட்டவணையாகப் பார்ப்பதை நான் கீழேயிருந்து, ஒவ்வொரு ஆலையாக, ஒவ்வொரு தாளாகப் பார்த்தவன். அந்த இடத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். இந்தியாவில் அகில இந்திய அளவில் தொழில் தகராறுகளை அரசு எண்ண ஆரம்பித்தது 1921-இல். சென்னை பின்னி ஆலையில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் அதே ஆண்டுதான். அதற்கு முன் 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு நடத்திய வேலைநிறுத்தம் இந்த அட்டவணைகளில் இருக்காது, அன்று எண்ணுவோர் இல்லை. இப்போது இந்த வேலையைச் செய்வது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் லேபர் பீரோ. மாநிலங்களின் தொழிலாளர் துறைகளும், வங்கி, சுரங்கம், துறைமுகம் போன்ற மத்திய அரசின் வரம்புக்குள் வரும் தொழில்களுக்கு மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகங்களும் விவரம் அனுப்புகின்றன. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சம்பந்தப்பட்டு வேலை நின்ற தகராறுகள் (வேலைநிறுத்தமோ, நிர்வாகம் பூட்டும் கதவடைப்போ) மட்டுமே கணக்கில் வரும். அரசியல் காரணத்துக்காகவும் மற்றவர்களுக்கு ஆதரவாகவும் நடக்கும் வேலைநிறுத்தங்கள் பிரதான கணக்கிலிருந்து ஒதுக்கப்படும்.

‘மனித நாள்’ என்பது எளிய பெருக்கல். 200 பேர் 5 வேலை நாட்கள் வேலை செய்யவில்லை என்றால் 1,000 மனித நாட்கள். வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேராது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த 200 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். ஆலை மேலாளர் “140 பேர்தான் சார் வெளியே நிற்கிறார்கள்” என்பார். சங்கச் செயலாளர் “இருநூத்திப் பன்னிரண்டு பேரும் ஒருத்தர் விடாமல் நிற்கிறோம்” என்பார். நான் டைம் ஆபீஸுக்குப் போய் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, புரட்டுவேன். நிரந்தரத் தொழிலாளர்களின் பெயர் அதில் இருக்கும். நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் வேலை செய்யும் பதிலித் தொழிலாளிக்கு அன்றைக்கு வேலை கொடுத்தால்தான் வருகைப் பதிவு உண்டு, ஆலை நின்றுபோன நாளில் அவர் எங்குமே இல்லை. அவரும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார், அவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை, ஆனால் கணக்கில் அவர் இல்லை. அதே போல, ஒரு பகுதி நின்றதால் அதே ஆலையில் வேலையில்லாமல் போன மற்றப் பகுதியினர் ‘மறைமுகமாகப் பாதிக்கப்பட்டோர்’ என்று சேர்வார்கள். அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறை அடுத்த தெருவில் மூடிக் கிடந்தால் அது சேராது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் பெரிய ஆலை ஒன்று நின்றால் எத்தனை சிறு பட்டறைகளின் ஷட்டர் இறங்கும் என்பதை அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. ஒரு நூற்பாலையில் போனஸ் தகராறு. தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்தாம் நாள், வேலைக்குத் திரும்பத் தயார் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் கேட்டைப் பூட்டிக் கதவடைப்பு அறிவிப்பை ஒட்டியது. நன்னடத்தை உறுதிமொழியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அந்தப் பூட்டு நான்கு மாதம் தொங்கியது. அந்தத் தகராறு எங்கள் பதிவேட்டில் முதல் நாளே ‘வேலைநிறுத்தம்’ என்று ஏறியிருந்தது. மாதா மாதம் நான் அதே வரியில் நாட்களைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒன்பது நாள் தொழிலாளர்கள் நிறுத்தியது, நூறு நாள் நிர்வாகம் நிறுத்தியது. மொத்தமும் தொழிலாளர் கணக்கில் விழுந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரித்து எழுத வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பல ஆண்டு கழித்து அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதிலிருந்து, எந்த அட்டவணையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது வேலைநிறுத்தமும் கதவடைப்பும் தனித்தனிப் பத்திகளாக இருக்கின்றனவா என்பதைத்தான்.

தேசிய அளவில் இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1976, நெருக்கடி நிலை உச்சத்தில் இருந்த ஆண்டு. அந்த ஆண்டில் இழந்தது ஏறக்குறைய 1.27 கோடி மனித நாட்கள். முந்தைய ஆண்டின் 2.19 கோடியோடு ஒப்பிட்டால் பெரிய சரிவு, ‘தொழில் அமைதி’ என்றே அன்று பேசப்பட்டது. பிரித்துப் பார்த்தால் வேலைநிறுத்தத்தால் போனது சுமார் 28 லட்சம், கதவடைப்பால் போனது சுமார் 99 லட்சம். தொழிலாளி வாய் திறக்க முடியாத காலத்தில் கேட்டைப் பூட்டுவது மட்டும் நிற்கவில்லை. 2003-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 3 கோடி மனித நாட்கள், அதில் வேலைநிறுத்தம் 32 லட்சம் அளவில்தான், மீதி ஏறத்தாழ 2.7 கோடி கதவடைப்பு. பத்தில் ஒன்பது பங்கு நிர்வாகம் பூட்டியது. 1980களின் பிற்பகுதிக்குப் பின் பெரும்பாலான ஆண்டுகளில் இந்தப் போக்கு தெரிகிறது. மொத்த எண்ணை ‘வேலைநிறுத்தத்தால் இழந்த நாட்கள்’ என்று தலைப்பிட்டுப் போடும் பத்திரிகைச் செய்திகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் ப்ராஜெக்டில் அந்தத் தவறு வரக்கூடாது.

கதவடைப்பு எல்லாமே நிர்வாகத்தின் அடாவடி என்று நான் சொல்லவில்லை. நஷ்டத்தில் ஓடும் பெரிய ஆலையைச் சட்டப்படி மூட அரசின் அனுமதி வேண்டும், கதவடைப்புக்கு அந்த அனுமதி வேண்டாம். ஆலையை மூட நினைத்தவர் அந்த வழியில் போனதும் உண்டு. மேற்கு வங்கச் சணல் ஆலைகளில் நடந்த நீண்ட கதவடைப்புகளில் எத்தனை உண்மையான தகராறு, எத்தனை மறைமுகமான மூடல் என்று பிரிக்க எண்கள் உதவாது. இதில் நான் சொல்வது அனுபவத்தில் வந்த கணிப்பு மட்டுமே: ஆறு மாதத்தைத் தாண்டிய கதவடைப்பில் தகராறைவிடச் சந்தை நிலவரமும் கடனும்தான் பெரிய காரணமாக இருந்ததை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஒரே ஒரு தகராறு ஒரு முழு ஆண்டையும் விழுங்கிவிடும் என்பது. இந்திய அதிகாரபூர்வக் கணக்கில் மிக உயரமான ஆண்டு 1982, சுமார் 7.46 கோடி மனித நாட்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த ஆண்டு ஜனவரி 18-இல் பம்பாயில் தத்தா சாமந்த் தலைமையில் ஆரம்பித்த பஞ்சாலை வேலைநிறுத்தம். அறுபது சொச்சம் ஆலைகள், சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். முறைப்படி வாபஸ் பெறப்படாமலேயே தேய்ந்துபோன போராட்டம் அது. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை லட்சம் பேர், ஜனவரி 18 முதல் டிசம்பர் முடிய வாரத்துக்கு ஆறு நாள் என்று பெருக்கினால் ஏழு கோடியைத் தாண்டும். ஆனால் அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சேர்த்தே வேலைநிறுத்தப் பத்தியில் இருப்பது சுமார் 5.2 கோடிதான், மீதி 2.25 கோடி கதவடைப்பு. அப்படியானால் செய்தித்தாளில் வந்த தலை எண்ணிக்கையை நாட்களால் பெருக்கினால் அரசுக் கணக்கு வராது. மாதங்கள் போகப் போக வேலைக்குத் திரும்பியவர்களைக் கழிக்க வேண்டும், வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் எந்தக் கட்டத்தில் கணக்கிலிருந்து விழுந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். இந்த இடைவெளிக்கு என் விளக்கம் இதுதான், இதை என் வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியானது ஒன்று உண்டு. 1982-ஐ உங்கள் வரைபடத்தில் வைத்தால் பஞ்சாலைத் தொழில் வானத்தைத் தொடும், எடுத்துவிட்டால் வேறு மாதிரித் தெரியும். 1928-உம் அப்படித்தான், 3.16 கோடி மனித நாட்கள், அதிலும் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கே பெரும்பங்கு. இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் 1984-இல் இழந்த 2.71 கோடி நாட்களில் 2.24 கோடி நிலக்கரிச் சுரங்கங்களில் போனவை. அந்த ஒரு தகராறைக் கழித்தால் அந்த ஆண்டு அங்கே சாதாரண ஆண்டு.

தொழில்களை ஒப்பிடும்போது அவற்றின் போராட்ட வடிவமும் ஒன்றல்ல. 2021 மார்ச் 15, 16 தேதிகளில் அரசு வங்கிகளைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து வங்கி ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கங்கள் சொன்னபடி பத்து லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்று வைத்தால் இருபது லட்சம் மனித நாட்கள். புதன்கிழமை காலை எல்லாரும் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு சணல் ஆலை ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தால் ஐந்து லட்சம் மனித நாட்கள். இந்தப் பெருக்கலை மட்டும் அடுக்கினால் வங்கித்துறை நான்கு மடங்கு பெரிய ‘பிரச்சினை’. ஒருவரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், வங்கி ஊழியர் இழந்தது இரண்டு நாள் சம்பளம், சணல் ஆலைத் தொழிலாளி இழந்தது ஐந்து மாதக் கூலி, மளிகைக் கடைக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஆகவே மனித நாட்களோடு தகராறுகளின் எண்ணிக்கையையும், ஒரு தகராறு சராசரியாக எத்தனை நாள் நீண்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வங்கி, காப்பீடு, போக்குவரத்து போன்றவை அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். பஞ்சாலை, சணல், பொறியியல் ஆலைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நீங்களே உங்கள் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். செய்திகளில் வந்தபடி சுமார் 1,500 பேர். விடுமுறைகளைக் கழித்து 30 வேலை நாட்கள் என்று வைத்தால் 45,000 மனித நாட்கள். நாட்டு மொத்தத்தில் இது ஒரு துளி. ஆனால் அந்தத் தகராறின் மையத்தில் இருந்தது தொழிலாளர்கள் தாங்களே அமைத்த சங்கத்தைப் பதிவு செய்வதும் நிர்வாகம் அதை ஏற்பதும். அந்த வட்டாரத்தில் எத்தனையோ ஆலைகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மனித நாட்களின்படி அடுக்கினால் இந்தப் போராட்டம் பட்டியலின் அடியில் எங்கோ போய்விடும். எண்ணிக்கை ஒரு தகராறின் அளவைச் சொல்லும், எடையைச் சொல்லாது.

வகுக்கும் எண்ணையும் மறந்துவிடாதீர்கள். பத்து லட்சம் பேர் வேலை செய்யும் தொழிலில் ஐந்து லட்சம் நாட்கள் போனால் ஆளுக்கு அரை நாள். ஐம்பதாயிரம் பேர் வேலை செய்யும் தொழிலில் ஒரு லட்சம் நாட்கள் போனால் ஆளுக்கு இரண்டு நாள். முதல் தொழில்தான் மோசம் என்று மொத்த எண் சொல்லும், உண்மை தலைகீழ். ஆயிரம் தொழிலாளருக்கு எத்தனை நாள் என்று கணக்கிட்டால்தான் ஒப்பீடு நியாயம். தொழிற்சாலைகளுக்கு வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்பில் ஆள் எண்ணிக்கை கிடைக்கும். இதே முறையில் நாடு முழுவதையும் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1982 என்ற அந்தக் கொடிய ஆண்டில்கூட, அமைப்புசார் துறையில் இருந்த சுமார் 2.3 கோடி வேலைகளால் வகுத்தால் ஆளுக்கு மூன்று நாள் சொச்சம்தான் வருகிறது. நான் பார்த்த பஞ்சாலைகளில் சாதாரண மாதத்திலேயே நூறு பேருக்கு எட்டு, பத்துப் பேர் விடுப்பிலோ உடம்பு முடியாமலோ வராமல் இருப்பார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு இருபத்தைந்து நாளை ஒட்டி வரும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டால் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஆலைகள் நின்ற மணி நேரங்களை யாரும் ‘இழந்த மனித நாட்கள்’ என்று தலைப்புச் செய்தி ஆக்கவில்லை. வேலைநிறுத்தம் பொருளாதாரத்தைக் கெடுக்கிறது என்று எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இழந்த நாள் என்பது இழந்த உற்பத்தியும் அல்ல. கிடங்கில் சரக்கு தேங்கியிருக்கும் ஆலைக்கு இரண்டு வாரம் ஓடாமல் இருப்பது நட்டமாகாமலும் போகலாம். வேலை திரும்பியபின் ஓவர்டைமில் ஈடுகட்டுவதும் உண்டு. மாறாக, பாய்லர் அறையில் பன்னிரண்டு பேர் மூன்று நாள் நின்றால் அட்டவணையில் சின்ன எண், ஆலைக்குப் பெரிய அடி.

இப்போது கணக்குக்கே வராதவர்கள். விசைத்தறிக் கூடத்தில் ஆறு பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் நடக்கும் நிறுத்தம் பத்துப் பேர் வரம்பிலேயே அடிபட்டுவிடும். ஒப்பந்தத் தொழிலாளி ஒப்பந்ததாரரின் ஆள், ஆலையின் மஸ்டர் ரோலில் அவர் இல்லை. அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வேறு ஆளை எடுத்தால் அது தகராறாகவே பதிவாகாது. தொழிற்சாலைகளில் 2000 வாக்கில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார், இப்போது ஐந்தில் இருவர். அரசு ஊழியர்கள் இன்னொரு பெரிய வெற்றிடம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தை நம் தலைமுறை மறக்காது. சுமார் 1.7 லட்சம் பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்றது. அந்த நீக்கப்பட்டவர்களை மட்டும், ஆறு வேலை நாட்களுக்கு மட்டும் எண்ணினாலும் பத்து லட்சம் மனித நாட்கள் வரும். அந்த ஆண்டு இந்தியா முழுவதற்கும் வேலைநிறுத்தப் பத்தியில் இருப்பதோ 32 லட்சம். தலைமைச் செயலகமும் வருவாய்த் துறையும் அன்றைய தொழில் தகராறு சட்டம் சொன்ன ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வராதவை என்பதால், அந்தப் பத்து லட்சம் இந்த 32 லட்சத்துக்குள் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதே போல, 2020 ஜனவரி 8 பொது வேலைநிறுத்தத்தில் 25 கோடிப் பேர் கலந்துகொண்டதாக மத்தியத் தொழிற்சங்கங்கள் சொல்லின. அப்படியானால் ஒரே நாளில் 25 கோடி மனித நாட்கள். நாடு கண்ட உச்ச ஆண்டின் மொத்தமே 7.46 கோடி. சங்கங்கள் விவசாயிகளையும் அமைப்புசாராத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சொல்கின்றன. அரசுக் கணக்கு கொள்கை எதிர்ப்பு வேலைநிறுத்தங்களை ஒதுக்கிவிட்டு மஸ்டர் ரோலை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒன்றைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டும் எண்ணுவது ஒரே பொருளை அல்ல.

எண்ணப்படாத போராட்ட வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டுவாடா சட்டத்தில் ஒரு பழைய விதி இருந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உரிய நோட்டீஸ் இல்லாமல் சேர்ந்து வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று. ‘ஒரு நாளுக்கு எட்டு நாள் வெட்டு’ என்று ஆலைகளில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது தொழிலாளி வேறு வழி பார்ப்பான். கறுப்பு பேட்ஜ், கேன்டீன் புறக்கணிப்பு, ஓவர்டைம் மறுப்பு, ‘சட்டப்படி வேலை’ (விதியில் இருப்பதை மட்டும் செய்வது), மெதுவாக வேலை. இவற்றில் எதற்கும் மனித நாள் பத்தியில் இடமில்லை. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான் என்கிறது. வரையறை மாறும்போது எண்ணும் மாறும். இனிவரும் ஆண்டுகளின் புள்ளிவிவரத்தை 2025-க்கு முந்தியதோடு நேராகக் கோடு போட்டு இணைப்பவர்கள் இதை அடிக்குறிப்பிலாவது சொல்ல வேண்டும்.

அப்படியானால் குறைந்ததா, இல்லையா? பதிவான தகராறுகளும் இழந்த நாட்களும் 1980களோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்துவிட்டன, அதில் ஐயமில்லை. ஏன் குறைந்தன என்பதில்தான் நான் நிதானமாகப் பேசுவேன். பெரிய பஞ்சாலைகள் மூடிப்போய் நெசவு விசைத்தறிக்குப் போனது ஒரு காரணம் என்பது உறுதி, ஆலையே இல்லாத இடத்தில் ஆலை வேலைநிறுத்தம் இருக்காது. ஒப்பந்த முறை பெருகியதும் பெரிய காரணம் என்பதில் எனக்கு ஏறக்குறைய சந்தேகமில்லை. சமரசப் பேச்சில் நான் கண்ட மாற்றம் அது: முன்பு மேசைக்கு எதிரே இருநூறு பேர் சார்பில் பேச ஐந்து பேர் வருவார்கள், என் கடைசி ஆண்டுகளில் அந்த இருநூறில் பாதிப் பேருக்காகப் பேச அவர்களுக்கு அதிகாரமே இருக்காது. மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தங்கள் ஒழுங்காகப் போடப்பட்ட சில ஆலைகளில் உண்மையிலேயே உறவு நன்றாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்த மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று எண்ணால் பிரித்துக் காட்டியதாகச் சொல்பவரை நான் எச்சரிக்கையோடுதான் கேட்பேன்.

வெளிநாட்டோடு ஒப்பிடும் அத்தியாயம் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க அரசின் பிரபலமான புள்ளிவிவரத் தொடர் ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சம்பந்தப்பட்ட நிறுத்தங்களை மட்டுமே எண்ணுவது. 2023-இல் 33 நிறுத்தங்கள், சுமார் 4.59 லட்சம் தொழிலாளர்கள் என்று அது சொல்லும். நம் வரம்பு பத்துப் பேர். அங்கே 33 என்பதையும் இங்கே நூற்றுக்கணக்கில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து இந்தியத் தொழிலாளி சண்டைக்காரன் என்று எழுதிய ஒரு கட்டுரையை நானே படித்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தைக் கைவிடுங்கள், அல்லது இரு நாட்டிலும் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட தகராறுகளை மட்டும் எடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். வேலைநிறுத்தம், கதவடைப்பு இரண்டையும் முதல் பக்கத்திலிருந்தே தனித்தனியாக வைப்பேன். ஒரு ஆண்டை எடுக்காமல் ஐந்தாண்டுச் சராசரி எடுப்பேன். ஒவ்வொரு தொழிலிலும் மிகப் பெரிய ஒரு தகராறை நீக்கிவிட்டு வரிசை மாறுகிறதா என்று பார்ப்பேன், மாறினால் அந்த வரிசையை நம்பமாட்டேன். சில மாநிலங்களின் விவரம் தாமதமாக வருவதால் அண்மைய ஆண்டுகளின் எண்கள் தற்காலிகமானவை என்ற குறியோடு வெளியாகும், பின்னால் திருத்தப்படும், அவற்றை முடிவுக்கு ஆதாரமாக்க மாட்டேன். பிறகு ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போய்ச் சமரசப் பதிவேட்டைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவேன். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்து, பேசி, வேலை நிற்காமலேயே தீர்ந்தவை எத்தனை என்று அங்கேதான் தெரியும். மனுவில் ‘நிறுத்தம் தொடங்கிய நாள், கதவடைப்பு அறிவித்த நாள், வேலை திரும்பிய நாள்’ என்று மூன்று தேதிகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே தேதியாகக் கேட்டால் ஒரே வரியாகத்தான் வரும், நான் எழுதிவைத்த அந்தப் பழைய பதிவேட்டைப் போல.